பிள்ளைகள் குறைந்தார்கள், ஆயுள் கூடியது: வயசான காலத்தில் யார் துணை?



இந்தப் பகுதியில் வழக்கமாகக் காய்ச்சல், சொறி சிரங்கு, பாம்புக்கடி, மருந்து தெளிக்கிறவர்களுக்கு வரும் கண் எரிச்சல் என்று எழுதி வருகிறேன். இந்த மாதம் எந்தப் புட்டியிலும் மருந்து இல்லாத ஒரு சங்கதியை எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வயசானவர்கள் கூடிவிட்டார்கள். இதனால் நம் பிழைப்பில் என்ன மாற்றம் வருகிறது, நாம் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு.

என் டிஸ்பென்சரியில் குழந்தைகளை எடை போடும் தராசு ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னே இருந்த டிரெசர் காலத்தில், மாதத்துக்கு ஒரு நாள் அதன் முன்னால் தாய்மார்கள் வரிசை பிடித்து நிற்பார்களாம். இன்று அது அலமாரியின் மேல் துணி போட்டு மூடிக் கிடக்கிறது. ஓய்வில்லாமல் உழைப்பது பிரஷர் பார்க்கும் கருவிதான். அதன் கைப்பட்டையை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மாற்றிவிட்டேன். தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டு சாமான்களைப் பார்த்தாலே போதும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் ஓர் அம்மாவை அவருடைய மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அம்மாவுக்கு 74 வயது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிரஷர் பார்த்தேன், பரவாயில்லை. மகள் வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறார் என்பது தெரிந்தது.

"அம்மா நல்லா இருக்காங்க. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மகளிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

"எனக்கு என்னங்கய்யா, தலைதான் அடிக்கடி வலிக்குது" என்றார்.

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். 180-க்கு 110. சற்று நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தேன். அதே கணக்குதான். அவருக்கு வயது 46.

"எவ்வளவு நாளா இப்படி?" என்றேன்.

"யாருக்குங்க தெரியும்? அம்மாவுக்கு மருந்து எடுக்கத்தான் வருவேன். எனக்குன்னு வந்து உட்கார நேரம் ஏது?"

இவர் முன்பு பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அம்மா விழுந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். புருஷன் இதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். அண்ணன் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார். இன்னொரு சகோதரர் காலமாகிவிட்டார். ஆகவே அம்மாவைத் தூக்க, குளிப்பாட்ட, சோறு ஊட்ட இருப்பது இந்த ஒரு ஜோடிக் கைதான்.

அந்த அம்மாவின் தாயார் ஒன்பது பெற்று, ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியவராம். அவர் கடைசிக் காலத்தில் படுத்தபோது ஆறு வீட்டாரும் முறை வைத்துப் பார்த்தார்களாம். அந்த அம்மா பெற்றது மூன்று. மகள் பெற்றது இரண்டு. ஒன்பது, மூன்று, இரண்டு. நம் நாட்டில் நடந்த மாற்றமெல்லாம் இந்த மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது.

நாட்டுக் கணக்கு

1970-ல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைகள் என்ற அளவில் இருந்தது. 2022-ல் அது 1.6 ஆக இறங்கிவிட்டது. ஒரு தலைமுறை போய் அதே அளவு இன்னொரு தலைமுறை வர வேண்டுமானால் 2.1 வேண்டும். நம் இந்தியக் குடும்பங்களில் இறக்கம் இன்னும் அதிகம். ஒன்றுக்குச் சற்று மேலே என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

இன்னொரு பக்கம் ஆயுள் நீண்டிருக்கிறது. 1957-ல் பிறந்த ஆண் குழந்தைக்கு 56 வயது, பெண் குழந்தைக்கு 58 வயது என்றுதான் சராசரி ஆயுளைக் கணக்கிட்டார்கள். இப்போது ஆணுக்கு 73-ஐயும் பெண்ணுக்கு 78-ஐயும் ஒட்டி வந்திருக்கிறது. 2030 வாக்கில் நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று அரசாங்கமே கணக்குப் போட்டிருக்கிறது.

ஆயுள் கூடியது நல்ல செய்தி என்பதை மறக்கக் கூடாது. 1957-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் இறந்தன. இன்று அது ஏழு என்ற அளவுக்கு வந்திருக்கிறது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் சின்னப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன லயன்களில்தான் நம் பாட்டிமார் ஒன்பது, பத்து என்று பெற்றார்கள். நாலு போனாலும் நாலு நிற்கட்டும் என்று பெற்றார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் யாரும் அவ்வளவு பெறவில்லை.

அதோடு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் போனார்கள். கல்யாணம் தள்ளிப் போனது. 1966-ல் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. முன்பு பத்து வயதுப் பையனும் அப்பாவோடு காட்டுக்குப் போய் மங்கு துடைத்தான். இன்று அதே பையனைப் பதினேழு பதினெட்டு வயது வரை படிக்க வைக்க வேண்டும். பஸ், டியூஷன், சப்பாத்து எல்லாவற்றுக்கும் காசு. பிள்ளை குறைந்ததற்கு இந்தக் காலத்துப் பெண்களின் சோம்பேறித்தனம் காரணம் என்று சிலர் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைதான் பென்சன் என்ற கணக்கு

தோட்டத்துத் தொழிலாளிக்குப் பென்சன் கிடையாது. பிள்ளைதான் பென்சன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

வயசான ஒரு தம்பதிக்குச் சாப்பாடு, மருந்து, பஸ் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 900 வெள்ளி ஆகிறது என்று வையுங்கள். ஆறு பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 150 வெள்ளி. மூவர் இருந்தால் 300. ஒரே பிள்ளை என்றால் 900-மும் அவன் தலையில்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகி, வந்தவளும் ஒரே பிள்ளையாக இருந்தால், அந்த இருவரும் நான்கு பெரியவர்களைப் பார்க்க வேண்டும். அதற்கு இடையில் தங்கள் பிள்ளையையும் வளர்க்க வேண்டும்.

பணமாவது சிங்கப்பூரிலிருந்தும் அனுப்பலாம். படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கிற கையைத் தபாலில் அனுப்ப முடியாது. அதனால் பணம் அனுப்புகிறவர் ஒருவர், கூட இருந்து பார்க்கிறவர் ஒருவர் என்று குடும்பம் பிரிகிறது. கூட இருக்கிறவர் பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள்.

அந்த மகள் வேலையை விடும்போது போவது அந்த மாதச் சம்பளம் மட்டுமல்ல. 2025-ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இதற்குத் தொழிலாளி பங்கு 11 சதவீதம், முதலாளி பங்கு 13 சதவீதம் என்று சேமநிதிக்கு மாதம் 408 வெள்ளி போகிறது. ஐந்து வருஷம் வேலைக்குப் போகாமல் அம்மாவைப் பார்த்தால், லாப ஈவைச் சேர்க்காமலே 24,480 வெள்ளி அவர் கணக்கில் விழாமல் போகிறது. சொக்சோ பாதுகாப்பும் தொடராது. அம்மா கண் மூடும்போது மகளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அந்த வயதில் மறுபடியும் யார் வேலை கொடுப்பார்கள்? இப்படி ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ளும்போதே, கையில் காசில்லாத அடுத்த பெரியவரையும் நாம் உண்டாக்கிவிடுகிறோம்.

சேமநிதியிலும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது அவரவர் உண்டியல். இளைஞர்கள் குறைந்தால் உங்கள் கணக்கில் உள்ள பணம் குறையாது. ஆனால் நீங்கள் போட்ட பணம் முன்பைவிட அதிக வருஷம் வர வேண்டும். 55 வயதில் மொத்தத்தையும் எடுக்கலாம் என்கிறது சட்டம். 78 வயது வரை இருந்தால் அதை 23 வருஷம் வைத்துச் சாப்பிட வேண்டும். 55 வயதில் கையில் 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று 2019-ல் ஓர் அடிப்படைக் கணக்கைச் சேமநிதி வாரியம் சொன்னது. அதுவும் மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்தது. 2020 முதல் 2022 வரை நாடு முழுவதும் 145 பில்லியன் வெள்ளியைச் சேமநிதியிலிருந்து எடுத்தார்கள். அரிசிக்காகவும் வாடகைக்காகவும் எடுத்தவர்களை யார் குறை சொல்வது? ஆனால் எடுத்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

தோட்டத்துக்கு என்றே ஒரு சிக்கல்

பட்டணத்துக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. நம் வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். அதனால் பல குடும்பங்களில், பெரியவர்களுக்குக் கூரை இருக்கட்டும் என்பதற்காகவே ஒரு பிள்ளை தோட்டத்தில் தங்கிவிடுகிறது. பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தபோது ஒருவர் தங்கி, மற்றவர்கள் முன்னேறினார்கள். ஒரே பிள்ளை என்றால், அது முன்னேறுவதா, பெற்றவர்களுக்கு வீட்டைக் காப்பதா?

வேலை ஆட்கள் பக்கமும் இதே கதைதான். நம் பிள்ளைகள் குறைந்து, இருந்தவர்களும் பட்டணம் போன பிறகு, லயன்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்து சேர்ந்தார்கள். 2020-ல் எல்லைகளை மூடியபோது பழம் வெட்ட ஆளில்லாமல் பல தோட்டங்களில் குலைகள் மரத்திலேயே அழுகின. பிள்ளைகள் இல்லாமல் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்புகள் சுருங்கியதை நான் சொல்ல வேண்டியதில்லை; உங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது.

"அப்படியானால் நிறையப் பெத்துக்கச் சொல்லுங்க டிரெசர்" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அது அவ்வளவு சுலபமில்லை ஐயா. பக்கத்திலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். 1972-ல் இரண்டோடு நிறுத்துங்கள் என்றார்கள். 1987-ல் வசதி இருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்று மாற்றினார்கள். 2001 முதல் குழந்தை பிறந்தால் கையில் பணமும் கொடுக்கிறார்கள். அப்படியும் 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை, 0.97-தான். திட்டினாலும் பிள்ளை பிறக்காது, காசு மட்டும் கொடுத்தாலும் பிறக்காது. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவது, எந்த வீட்டில் வளர்ப்பது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். நம் முன்னோர் போராடி வாங்கிய ஆயாக்கொட்டகை அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகத்தான் இருந்தது.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, உடம்பு. இது என் இலாகா, ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குடும்பத்தை அழுத்துவது வயது இல்லை. படுக்கையில் கிடக்கும் வருஷங்கள்தான் அழுத்துகின்றன. எண்பது வயதில் தானே எழுந்து, தானே குளித்து, பேரப்பிள்ளைக்குச் சோறு போடும் பாட்டி யாருக்கும் பாரமில்லை. அறுபதில் பக்கவாதம் வந்து விழுந்தவர் இருபது வருஷம் கிடக்கலாம். பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் கவனிக்காத இரத்தக் கொதிப்பு. கால் எடுப்பது, கண் போவது, சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்கப் போவது ஆகியவற்றுக்கெல்லாம் முக்கியக் காரணம் கவனிக்காத இனிப்புநீர். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்தியப் பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு இனிப்புநீர் இருந்தது. ஆகவே நாற்பது வயதிலிருந்தே வருஷத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் பாருங்கள். பிரஷர் 140-க்கு 90-ஐத் தாண்டக் கூடாது. மாத்திரை ஆரம்பித்தால், தலைவலி நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சில வகைப் பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் தரும் ஊசி இருக்கிறது. பார்ப்போம் என்று விடியும் வரை காத்திருந்து கை கால் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்கள் வழுக்கி விழுவதையும் தடுக்க வேண்டும். குளிக்கும் அறையில் பாசியைத் தேய்த்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்து, இரவில் ஒரு சின்ன விளக்கு போட்டு வைத்தால் இடுப்பு எலும்பு தப்பிக்கும்.

இரண்டாவது, குடும்பத்துக்குள் பேச்சு. அம்மா விழுந்த பிறகு சண்டை போடாமல், அவர் நடமாடும்போதே அண்ணன் தம்பி அக்கா தங்கை உட்கார்ந்து பேசுங்கள். யார் பணம் தருவது, யார் கூட இருப்பது, கூட இருப்பவருக்கு எந்த நாள் ஓய்வு என்று முடிவு செய்யுங்கள். கூட இருந்து பார்ப்பதும் வேலைதான். பணம் அனுப்புகிறவர் அம்மாவுக்கு அனுப்பும்போது, பார்த்துக்கொள்ளும் தங்கைக்கும் ஒரு பங்கு அனுப்பட்டும். அதை அவர் சேமநிதியில் தாமாகவே கட்டி வரலாம். நிலையான வருமானம் இல்லாதவர்கள் கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கமும் ஒரு பங்கு போடுகிறது. இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பர் முதல் சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது; 55 வயதுக்குள் சேர வேண்டும், வருஷத்துக்கு 120 வெள்ளி. தீபாவளிக்கு ஒரு சேலையைக் குறைத்தால் கட்டிவிடலாம்.

மூன்றாவது, கிடைக்க வேண்டியதைக் கேட்டு வாங்குவது. அறுபதைத் தாண்டி, வருமானமும் ஆதரவும் இல்லாதவர்களுக்குச் சமூக நல இலாகாவின் முதியோர் உதவித் தொகை உண்டு. 2025-ல் அதை மாதம் 600 வெள்ளியாக உயர்த்தினார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் ஓர் உதவித் தொகை இருக்கிறது. பாரம் நிரப்பத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். அடையாளக் கார்டோடு கிளைச் செயலாளரிடம் போங்கள், அல்லது என்னைப்போல் உங்கள் தோட்டத்தில் இருப்பவரிடம் போங்கள். பிரசவ லீவு 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. ஒரு வருஷம் வேலை செய்த தகப்பனுக்கும் ஏழு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. தெரியாமல் விட்டவர்கள் நம்மில் பலர்.

நான்காவது, சங்கம். தனியாளாகச் செய்ய முடியாதவை சில உண்டு. ஓய்வு பெறுகிறவருக்குச் சொந்த வீடு, வேலைக்குப் போகும் தாய்க்கு ஆயாக்கொட்டகை, பகலில் பெரியவர்களை விட்டுச் செல்ல ஓர் இடம். கடைசியாகச் சொன்னது நமக்குப் புதிய கோரிக்கை. ஆயாக்கொட்டகைத் தொட்டிலில் பிள்ளைகள் குறைந்த தோட்டங்களில் அதே கட்டடத்தில் நாலு நாற்காலி போட்டால் பெரியவர்களும் உட்காரலாம், ஒரே ஆயா இரு தரப்பையும் கவனிக்கலாம் என்பது என் யோசனை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

முன்னே சொன்ன அந்த மகளின் கதையை முடித்துவிடுகிறேன். அன்றே மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு உட்கார்ந்துகொள்கிறார். மகள் தனக்காக டிஸ்பென்சரிக்கு வருகிறார். பள்ளி விடுமுறையில் அண்ணி வந்து இரண்டு வாரம் தங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டார். போன வாரம் அவருக்கு பிரஷர் 138-க்கு 86. அம்மாவுக்கு இடது கை இன்னும் வரவில்லை. வராது என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் இரண்டாவது ஆள் விழாமல் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை பெரியவருக்கு மருந்து எடுக்க வரும்போது, அவரையும் கையை நீட்டச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.